நோட்டீஸ் கொடுத்து இடித்தால் நியாயம் ஆகிவிடுமா?

1981ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி பம்பாய் நடைபாதை ஒன்றில் நம்மவர் ஒருவருடைய குடிசையை மாநகராட்சி ஆட்கள் பிய்த்துப் போட்டார்கள். பிளாஸ்டிக் தாளும் கித்தானும் சேர்த்துக் கட்டிய குடிசை. அந்த இடத்துக்கும் ஒரு பேட்டை தாதா 2500 ரூபாய் பிடுங்கியிருந்தான். குடிசைக்காரர் சேலத்துக்காரர், நிலமில்லாத கூலி. வறட்சியில் வேலை போய் 1961இல் பம்பாய்க்கு வந்தவர். தாகிசர் பக்கம் ஒரு கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. இடித்த கையோடு அவரையும் மனைவி மக்களையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பெண் பிள்ளைகளும் ஊரிலே நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்தார். மறுபடியும் ஒரு நடைபாதை.

இது நாம் கட்டிய கதையல்ல. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலே அச்சாகியிருக்கும் செய்தி. அவர் பெயரும் அதில் இருக்கிறது. நாம் இங்கே எழுதவில்லை. அது உங்கள் அப்பாவின் பெயராகவோ சித்தப்பாவின் பெயராகவோ இருக்கலாம்.

பத்து நாள் முன்னால், ஜூலை 13ஆம் தேதி, மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார்: நடைபாதைவாசிகள் எல்லாரையும் அகற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் வேடிக்கை. இது மனிதர் வாழும் வாழ்க்கையா, மழைக்காலத்தில் இந்த ஒழுகும் குடிசையில் இவர்கள் எப்படி இருப்பார்கள் என்று இரக்கப்பட்டார். இரக்கப்பட்டு, அந்த மழைக்காலத்திலேயே குடிசையைப் பிரித்தார்!

இந்திய அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்து, குடிமகன் எவனும் நாட்டின் எந்தப் பகுதியிலும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது. சேலத்துக்காரன் பம்பாயில் இருப்பது முதலமைச்சர் போட்ட பிச்சையல்ல. ஆனால் பஸ்ஸில் ஏற்றிய அதிகாரிக்கு 19ஆவது ஷரத்து தெரியாது. தெரிந்திருந்தாலும் பஸ் கிளம்பியிருக்கும்.

வழக்கு போட்டார்கள். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அந்த வழக்கு இன்று உலகத்துச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் படிக்கப்படுகிறது. கூடச் சேர்ந்து விசாரிக்கப்பட்ட மனுக்களில், விலே பார்லே அருகே வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே பக்கத்துக் காமராஜ் நகர் மக்களுடைய மனு ஒன்று. பெயரைப் பார்த்தாலே தெரியுமே, யார் குடியேறிய இடம் என்று! அந்த நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த கூலிகள் 1960, 61 வாக்கில் கட்டிக்கொண்ட குடியிருப்பு என்பது அவர்கள் சொன்ன வரலாறு. ரோட்டோரம் குழாய் பதித்தவன் கையே ரோட்டை மறிக்கும் கை ஆகிவிட்டது!

நான்கு வருடம் கழித்து, 1985 ஜூலை 10ஆம் தேதி, ஐந்து நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்பு கொடுத்தார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். தீர்ப்பின் முற்பாதியைப் படித்தால் நமக்கே கண் கலங்கும். 21ஆவது ஷரத்து உயிர் வாழும் உரிமையைக் கொடுக்கிறது. பிழைக்க வழியில்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது. ஆகவே பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதுதான் என்றார் நீதிபதி. இவர்கள் நடைபாதையில் குடியிருப்பது வேலைக்குப் பக்கத்தில் இருப்பதற்காக. குடிசையைப் பிடுங்கினால் வேலை போகும். வேலை போனால் உயிர் போகும் என்று நம் வயிற்றின் கணக்கை நம்மைவிடத் தெளிவாகப் போட்டுக் காட்டினார். அதுவரை இந்த நாட்டின் எந்த அமைச்சரும் அவ்வளவு சுத்தமாக அதைச் சொன்னதில்லை.

பிற்பாதிக்கு வாருங்கள். பொது இடத்தைச் சொந்த வீடாக்க எவருக்கும் உரிமையில்லை என்றது தீர்ப்பு. முன்னறிவிப்பு இல்லாமலே அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் கொடுக்கும் 314ஆவது பிரிவு செல்லும். ஆனால் நோட்டீஸ் கொடுத்து, சொல்வதைக் கேட்டு அகற்றுவதே முறை. கேட்காமல் அகற்றுவது விதிவிலக்கு என்றது. சரி, இவர்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை. அதற்குக் கோர்ட் சொன்ன பதில்: கமிஷனர் கேட்காவிட்டால் என்ன, இங்கே நாங்களே விரிவாகக் கேட்டுவிட்டோமே, திரும்ப எதற்கு? அவ்வளவுதான். 1985 அக்டோபர் 31 வரை, அதாவது மழை முடியும் வரை, குடிசைக்கு ஆயுள் நீட்டிப்பு. 1976இல் கணக்கெடுத்து அடையாளச் சீட்டு கொடுக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தரவேண்டும் என்றும் உத்தரவு. ஆனால் ஒரு சொல்லை உள்ளே சொருகிவிட்டார்கள்: மாற்று இடம் கொடுத்த பிறகுதான் இடிக்கவேண்டும் என்று நிபந்தனை இல்லையாம். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பஸ்திகளைப் பொதுத் தேவை இருந்தாலொழியத் தொடக்கூடாது என்றும் ஒரு வரி உண்டு. பொதுத் தேவை எது என்று தீர்மானிப்பவர் யார்? இடிக்க வருபவர்தான்!

சாப்பாடு உன் உரிமை என்று இலையைப் போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள், பிறகு இலையை எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னால் நம்மில் சிலருக்குக் கோபம் வருகிறது. படித்த நண்பர்கள் சொல்கிறார்கள்: “கோர்ட்டைக் குறை சொல்லாதீர்கள், ஏழைக்குக் கடைசிப் புகலிடம் அதுதான்.” இன்னொரு பக்கம் சிவப்புத் துண்டு போட்ட நண்பர்கள்: “கோர்ட் முதலாளியின் கோர்ட், அங்கே போவதே மோசம்.” இரண்டு பேச்சையும் நாம் ஏற்கவில்லை. முதல் நண்பர் குடிசையில் இருந்ததில்லை. இரண்டாம் நண்பர், இடிக்க வரும் காலை ஏழு மணிக்கு ஒரு ஸ்டே உத்தரவின் மதிப்பு என்ன என்று பார்த்ததில்லை.

அரசியல் சட்டம் எழுதின காலத்திலேயே இந்தக் கோளாறு தொடங்கிவிட்டது. பேச்சுரிமை, சொத்துரிமை முதலியவற்றை மூன்றாம் பகுதியில் வைத்து, மீறினால் நேரே சுப்ரீம் கோர்ட் போகலாம் என்றார்கள். வேலை, போதிய பிழைப்பு, வாழ்க்கைக் கூலி எல்லாவற்றையும் நான்காம் பகுதியில், 39, 41, 43 என்று வரிசையாக வைத்தார்கள். வைத்துவிட்டு, இவற்றை எந்தக் கோர்ட்டும் நடத்திவைக்க முடியாது என்று 37ஆவது ஷரத்தில் பூட்டும் போட்டார்கள். கே.டி. ஷா அப்போதே சொன்னார், பேங்குக்கு வசதிப்படும்போது பணம் கொடுக்கும் செக் இது என்று. நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியோ அதை உணர்ச்சிகளின் குப்பைத்தொட்டி என்றே வருணித்தார். டாக்டர் அம்பேத்கர் மட்டும் ஒரு நியாயம் சொன்னார்: கோர்ட்டுக்குப் பதில் சொல்லாவிட்டாலும், தேர்தலில் ஓட்டுப் போடுகிறவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே! அண்ணல் சொன்னது நடக்க வேண்டுமானால் முதலில் நமக்கு ஓட்டு இருக்க வேண்டும். குடிசை போனால் விலாசம் போகும். விலாசம் போனால் வாக்காளர் பட்டியலில் பெயர் போகும். பதில் கேட்கும் ஆளையே அப்புறப்படுத்திவிட்டால் பதில் சொல்ல என்ன அவசியம்?

அதே காலத்தில் மூன்றாம் பகுதிக்கு இருந்த மரியாதையைப் பாருங்கள். 1970இல் பேங்குகளைத் தேசியமயமாக்கிய சட்டத்தைச் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது, நஷ்டஈடு சரியில்லை என்று. அதே ஆண்டு டிசம்பரில் ராஜாக்களின் மானியம் போனபோதும் கோர்ட் எழுந்து நின்று காப்பாற்றியது. சட்டத்தைத் திருத்தித்தான் மானியத்தை நிறுத்த முடிந்தது. சொத்துரிமை அடிப்படை உரிமை அல்ல என்று ஆனது 1978இல் செய்த 44ஆவது திருத்தத்தால். பணம் எங்கே என்று ராஜாக்களைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. குடிசைக்காரனைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

ஆனாலும் நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்டிய கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டு 8.25 கொடுத்தான். ஜனநாயக உரிமைக்காரர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். நீதிபதி பகவதி கடிதத்தையே வழக்காக எடுத்து, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு, 23ஆவது ஷரத்து அதைத் தடுக்கிறது என்றார். தீர்ப்பு வந்தது செப்டம்பர் 18; விளையாட்டு தொடங்கியது நவம்பர் 19. வேலை முடியும் தறுவாய்! ஆனாலும் அந்த வாக்கியம் இன்று வரை நம் கையில் ஆயுதம். ஜமாதாரிடம் சண்டைக்கு நிற்கிறவன் வாயில் அது இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கதையும் உண்டு. கல்வி நான்காம் பகுதியில்தான் கிடந்தது. 1992, 93 தீர்ப்புகளில் கோர்ட் அதைத் தூக்கி 21ஆவது ஷரத்தோடு சேர்த்தது. ஊர் ஊராகக் கேள்வி எழுந்தது. 2002இல் 21-ஏ என்று தனி ஷரத்தே வந்தது. 2010 ஏப்ரல் முதல் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஆக, நான்காம் பகுதியின் பூட்டு திறக்காத பூட்டல்ல. கல்விக்குத் திறந்தது வீட்டுக்கு ஏன் திறக்கவில்லை? ஏனென்றால் வீடு என்றால் நிலம். நகரத்தில் நிலம் என்றால் என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1985க்குப் பிறகு கோர்ட்டின் முகமும் மாறியது. 2000ஆம் ஆண்டு டில்லிக் குப்பையைப் பற்றி ஒரு வழக்கு. குப்பை வழக்கில் குடிசைக்காரன் கட்சிக்காரனே அல்ல. ஆனாலும் தீர்ப்பு அவன் மேல் பாய்ந்தது: ஆக்கிரமித்தவனுக்கு மாற்று இடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பது போலாம்! பதினைந்து ஆண்டுக்கு முன்னால் பிழைப்புக்காக வந்த பரிதாபத்துக்குரியவன், இப்போது பிக்பாக்கெட். 2010இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும், மாற்று ஏற்பாடு செய்யாமல் குடிசையை அகற்றுவது சட்டவிரோதம் என்று நிமிர்ந்து எழுதினார்கள். 2019இல் ஷக்கூர் பஸ்தி வழக்கில் முரளிதர் இருந்த அமர்வு அதை மேலும் உறுதி செய்தது. உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நம் ஜனம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தபோது, ரோட்டில் யாரும் நடக்கவில்லை என்று அரசு வக்கீல் சொன்னதைச் சுப்ரீம் கோர்ட் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி டில்லியில் ரயில் பாதையோரத்துக் குடிசைகள் 48,000த்தை மூன்று மாதத்தில் அகற்றச் சொன்னது. எந்தக் கோர்ட்டும் ஸ்டே கொடுக்கக்கூடாது என்றும் சேர்த்தது. உரிமைக்குக் காவல் நிற்க வேண்டிய வாசலிலே கோர்ட் தானே தாழ்ப்பாள் போட்டது. சில வாரம் பொறுப்போம் என்று அரசு சொன்னபிறகுதான் மக்கள் மூச்சுவிட்டார்கள்.

2024 நவம்பர் 13ஆம் தேதித் தீர்ப்பைப் பலர் கொண்டாடுகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் வீடு என்பதற்காக புல்டோசர் விடக்கூடாது, பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும், மீறும் அதிகாரி சொந்தப் பணத்தில் ஈடு கட்டவேண்டும் என்று நீதிபதிகள் கவாயும் விசுவநாதனும் சொன்னார்கள். நாமும் வரவேற்கிறோம். ஆனால் விதிவிலக்கைப் படித்தீர்களா? ரோடு, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை, இந்த இடங்களில் உள்ள கட்டடத்துக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்ன கட்டடத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நாமெல்லாம் வேறு எங்கே இருக்கிறோம்? மலபார் ஹில்லிலா?

இப்போது டில்லிக்கு வருவோம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடம். பெண்கள் பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை; ஆண்கள் கூலி; பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் எட்டும் தூரத்தில். வாய்க்கால் அடைத்து வெள்ளம் வருகிறது, தூர் வாரவேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் முதல் தேதி இயந்திரம் வந்தது. சுமார் 370 குடிசை. உத்தரவுக் கணக்கில் மறுவாழ்வுக்குத் தகுதி பெற்றவை 189. பிறகு சிலரைச் சேர்த்தும் நூறு குடும்பத்துக்கு மேல் வெளியே நின்றன. தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு. அது ஊரின் மறு கோடி. நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது.

வாய்க்காலைத் தூர் வாரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது நம் பாய்தான். நாம் கேட்பது வேறு. 1985இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? வேலைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் குடிசையின் நியாயம், அதைப் பிரித்தால் பிழைப்பு போகும், பிழைப்பு போனால் உயிர்வாழும் உரிமை போகும் என்றது. ஜங்புராவில் காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டிய அம்மா நரேலாவிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? பஸ் கூலிக்குப் போக மிச்சம் என்ன? பிள்ளை எந்தத் தமிழ்ப் பள்ளிக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லாமல், மறுவாழ்வு ஒன்றைத் தவிர வேறு எந்த உரிமையும் கேட்க முடியாது என்று முடித்தது உயர் நீதிமன்றம். தமிழ்நாடு அரசோ, ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவி செய்வோம் என்று அறிவித்தது. உதவியை நாம் இகழவில்லை. ஆனால் 1981இல் சேலம் பஸ்; 2025இல் ஊர் திரும்பும் உதவி. நாற்பத்து நாலு ஆண்டில் பஸ்ஸின் நிறம்தான் மாறியிருக்கிறது. டில்லியிலே பிறந்து டில்லியிலே பேரன் எடுத்தவனுக்கு எது ஊர்?

அயல்நாட்டில் மட்டும் வாழ்கிறதா என்று கேட்பீர்கள். தென் ஆப்பிரிக்காவில் 1996 அரசியல் சட்டத்தின் 26ஆவது பிரிவிலேயே வீட்டுரிமை எழுதியிருக்கிறது. கோர்ட் உத்தரவில்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண் வழக்கு போட்டு 2000இல் ஜெயித்தார். 2008இல் அவர் இறந்தபோது இன்னும் தகரக் குடிசையில்தான் இருந்தார். எழுத்தில் உரிமை இருப்பது அவசியம். இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த அம்மாளே சாட்சி.

நம் கையில் வேறு ஒரு சாட்சியும் இருக்கிறது. செம்பூர் தாண்டி, அணுசக்தி நிலையத்துக்கு அருகே ஜனதா காலனி. ஏறத்தாழ 70,000 பேர்; தமிழர் ஏராளம். கோலார் தங்க வயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் அங்கேதான் தலையெடுத்தார். கோர்ட்டுக்கும் போனார்கள், தெருவுக்கும் வந்தார்கள், டில்லிக்கும் போய் நின்றார்கள். அவசரநிலைக் காலத்தில், 1976இல், காலனி போய்விட்டது. தோற்றார்கள் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் சிதறவில்லை. மொத்தமாக சீட்டா கேம்ப் இடத்துக்குப் போனார்கள். அது இன்றும் இருக்கிறது. கோர்ட் கொடுத்தது கொஞ்ச காலம். அந்தக் காலத்தை வைத்துக்கொண்டு ஜனம் கூடியது. கோர்ட்டால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அந்தக் காலம்தான் என்பது நம் கருத்து.

கசப்பாக ஒன்றும் சொல்ல வேண்டும். இடிக்கிறவன் நம்மை உடைப்பது இயந்திரத்தால் அல்ல, பட்டியலால். டில்லியில் பஸ்திக்கு 2006 ஜனவரி 1, குடிசைக்கு 2015 ஜனவரி 1. தாராவியில் தரைத்தளத்துக்காரனுக்கு 2000 ஜனவரி 1. கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. பட்டியல் ஒட்டிய அன்று சாயங்காலமே, பெயர் இருப்பவன் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்கிறான். சொல்லப்போனால் வெட்கம்: நம் சங்கத்திலும் அப்படி நடந்திருக்கிறது. உயிர்வாழும் உரிமைக்குத் தேதி போட அரசியல் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது? 2014 டிசம்பரில் வந்தவனுக்கு உயிர் உண்டு, 2015 பிப்ரவரியில் வந்தவனுக்கு இல்லையா? இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் நேராகப் போட வேண்டும். போடுகிறவன் பட்டியலில் பெயர் இருப்பவனாக இருந்தால்தான் அதற்கு எடை.

ஆகவே நம் சங்கம் முடிவு செய்திருப்பது இது. பெயர் இருப்பவர், இல்லாதவர் என்று இரண்டு மனு போடப்போவதில்லை. ஒரே மனு, எல்லார் கையெழுத்தும். மாற்று இடம் கொடுத்த பிறகே இடிப்பு, வேலைக்கு எட்டும் தூரத்திலே மாற்று இடம், தேதிக் கோடு ஒழிய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கும். வீட்டுரிமையைக் கல்வியைப் போலத் தனி ஷரத்தாக எழுதவேண்டும் என்று, ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் எழுத்தில் வாங்குவோம். வாயால் சொன்னால் ஏற்கமாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்க அறையில் கூடுவோம். டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் கொண்டு வாருங்கள்: 1976 கணக்கெடுப்புச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு. கறையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. காகிதமே இல்லாதவர்கள் முதலில் வாருங்கள்.